பட்டன் இல்லாத பாட்டுத் திரை

என் அருமைத் தம்பி ஆரோக்கியம்,

காக்ஸ் டவுன் மாதா கோயில் பாடகர் குழுவின் கம்ப்யூட்டரில் நாம் செய்த மொழி இன்னும் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நின்றுபோகப் பார்த்தது.

அடுகோடி லேத் பட்டறையிலிருந்து நேரே உன் வீட்டுக்கு வருவேனே, நினைவிருக்கிறதா? கிரீஸ் கையோடு கீபோர்டைத் தொட்டால் திட்டுவாய். காலேஜ் படியேறாத நானும் பாட்டு வாத்தியார் நீயும் கம்ப்யூட்டர் மொழி செய்வதா என்று சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மற்ற மொழிகளில் ஒன்று மாறினால், அதை ஒட்டிய ஒவ்வொன்றையும் மாற்றச் சொல்லி உத்தரவு போட வேண்டும். நம்முடையதில் எது எதைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதினால் போதும். சுருதியை நீ இறக்கினால், குழு பார்த்துப் பாடும் திரையில் நான்கு குரல்களின் நோட்டு வரிகளும் தாமாகவே இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்து பெஞ்சு மேல் ஏறி நின்றாயே!

பிறகு 'காத்திரு' என்றொரு சொல்லை நீ சேர்த்தாய். நாம் குறித்த நிகழ்வு நடக்கும்வரை திரை பழையதையே காட்டும்.

"மாறினதை மறைச்சா அது பொய் சொல்ற திரைடா."

"மூச்சு விட இடம் கொடுங்கண்ணா."

கொடுக்கவில்லை. அந்தச் சொல் சும்மாவே கிடந்தது. சரணம் முடியும் நொடி பார்த்துத்தான் நீ சுருதியைத் தொடுவாய் என்பதால் குறை தெரியவில்லை. இப்போது நீயும் இல்லை, அந்தக் கையும் இல்லை.

உன் மகள் ஸ்டெல்லா வந்தாள். "பெரியப்பா, பாடிட்டு இருக்கும்போதே நோட்டு மாறிடுது. ஒரு பட்டன் வைங்க, அழுத்தினா மாறட்டும். இல்லேன்னா எல்லாரும் போன் ஆப்புக்குப் போறாங்களாம்."

"பட்டன் கிடையாது. மாறுன்னு தனியா உத்தரவு போட்டா அது எங்க மொழியே இல்ல."

"உங்களை அசைக்க கிரேன் வேணும்னு அப்பா சொல்வார்."

அப்படியா சொன்னாய்?

அடுத்த சரணத்துக்குத் திரையை நகர்த்த, ஆர்கன் வாசிப்பவர் காலடியில் ஒரு மிதிகட்டை வைத்தோமே. அதை மிதிக்கும்வரை 'காத்திரு' என்று ஒரே வரி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பாட்டின் நடுவே சுருதியை இறக்கினார்கள். திரை அசையவில்லை. சரணம் முடிந்தது, மிதிகட்டை அழுந்தியது, எல்லோரும் மூச்சு இழுத்தார்கள். அந்த மூச்சுக்குள் நான்கு வரிகளும் ஒன்றாக இறங்கின. யாரும் தடுமாறவில்லை. நீ கேட்ட இடம் இதுதானா?

போன் ஆப் பேச்சை ஸ்டெல்லா மறுபடி எடுக்கவில்லை.

நீ சொன்னது சரி என்று எழுதமாட்டேன். பட்டனும் வைக்கமாட்டேன். ஆனால் நான் இருக்கும்வரை உன் 'காத்திரு'மேல் யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

கிரேனுக்கும் அசையாத,
உன் அண்ணன்