பச்சை முத்திரை

பெப்ரவரி 11, செவ்வாய் இரவு. எட்மண்டன், வட லண்டன்.

இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கவாதத்தில் அண்ணைக்குப் பேச்சு போய்விட்டது, விழுங்கவும் முடியாது. ஈரப் பஞ்சால் நாக்கை நனைக்கலாம், அவ்வளவுதான். இனித் தேறமாட்டார் என்று டொக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

பஞ்சை எடுத்ததும் நாக்கை நீட்டினார். நனைத்த பிறகும் உள்ளே இழுக்கவில்லை.

"இன்னும் தண்ணி கேக்கிறார் போல," என்றார் பக்கத்தில் நின்ற மச்சாள்.

தண்ணீருக்காக இல்லை. எனக்குத் தெரியும். சின்ன வயதில் இதே லண்டனில் சாமான் வாங்கினால் கடையில், தபால்தலை போல நக்கி ஒட்டும் பச்சை முத்திரைகள் தருவார்கள். புத்தகம் நிறைய ஒட்டிக் கொடுத்தால் பரிசு. பசையின் கசப்பு எனக்குப் பிடிக்காது. அண்ணைதான் நாக்கை நீட்டிக்கொண்டு இருப்பார். நான் ஒவ்வொன்றாய் அதில் தொட்டு ஒட்டுவேன். ஊருக்குப் போக ஒரு சூட்கேஸ் எடுக்க வேண்டும் என்றுதான் சேர்த்தோம். சூட்கேஸ் கிடைத்தது. போகத்தான் முடியவில்லை.

ஒட்டியது போதும் என்று, "காணும் அண்ணை" என நான் சொன்னால்தான் நாக்கை உள்ளே எடுப்பார்.

இன்று காதருகே குனிந்து சொன்னேன்.

"காணும் அண்ணை. புத்தகம் நிரம்பீட்டுது."

எடுக்கவில்லை. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோதும் அடுத்ததற்காக நீட்டியபடியே இருந்தார்.