உப்புக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

மாப்ளே,

இன்று காலை ஷார்ஜா தொழில்பேட்டையில், எங்கள் தீவனக் கிடங்கில் ஒரு அட்டைப்பெட்டி கிழிந்து உப்புக்கட்டிகள் தரையில் உருண்டன. செங்கல் நிறம், நடுவில் கயிறு கோக்க ஓட்டை, வெல்லப்பாகும் துருப்பிடித்த இரும்பும் கலந்த அதே வாசனை. ஆடும் மானும் நக்குவதற்கென்று செய்த அந்தக் கட்டியை நீ ஒருதடவை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கேம்ப் சாம்பாருக்கு இது எவ்வளவோ தேவலைடா" என்றாய். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். பொறுக்கி முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. உன்மேல் இல்லை, பயப்படாதே.

தைத் என்கிற ஊரைத் தாண்டி உள்ளே, வேலி போட்ட அந்தப் பெரிய பண்ணையில் நீ மான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தீவன லோடு கொண்டுவருகிற டிரைவர். ரீம் என்று அரபுக்காரர்கள் சொல்லும் வெளிர்நிற மான்கள். அவற்றின் எலும்பும் கொம்பும் மெலியாமல் இருக்க உப்பு வைப்பது உன் வேலை. வைத்துவிட்டு வந்தாலே போதும். நீயோ ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து, எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாய். உப்புக்கு வராத மானுக்கு உடம்பு சரியில்லை என்பது உன் கணக்கு. இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே, கடைசியில் அவை உன்னை ஒரு ஆளாகவே மதிக்காமல் போயின. உன் செருப்பை நக்கிய மானை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் சூப்பர்வைசர், அவரும் நம் ஊர்ப்பக்கத்து ஆள்தான், கட்டியை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தள்ளி வைக்கச் சொன்னார். லாரி திரும்ப வசதியாக இருக்கும் என்றார். நீயும் நம்பித் தள்ளி வைத்தாய், மான்கள் உன் பின்னாலேயே நகர்ந்து வந்தன. ஒருநாள் அங்கே பேரீச்ச மட்டையால் ஒரு குடில் எழும்பியது. உட்கார்ந்தவன் கண் உயரத்துக்கு அதில் நீளமாக ஒரு சந்து விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. முதலாளி வெளிநாடு போயிருந்தார். சூப்பர்வைசருக்கு வேண்டிய விருந்தாளிகள் துப்பாக்கியோடு வரப்போகிறார்கள். இந்த நாட்டுச் சட்டத்துக்கும் அது ஆகாதுதான், ஆனால் வேலிக்குள் நடப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஓடும் மானைத் துரத்தும் சிரமமும் இல்லை. உப்பு நக்கத் தலைகுனிந்து நிற்கும் மானை, டீ குடித்துக்கொண்டே சுடலாம்.

அன்று சாயங்காலம் நான் லோடோடு உள்ளே வந்தபோது குடிலுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். எதிரே, கல்லெறி தூரத்தில், உப்புக்கட்டி. அதற்குப் பக்கத்தில் நாற்காலி. அதில் நீ, மஞ்சள் யூனிஃபார்மில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. உன்னைச் சுற்றி இருபது முப்பது மான்கள். எதைக் குறிபார்த்தாலும் முன்னாலோ பின்னாலோ நீ இருந்தாய். சூப்பர்வைசர் என் லாரியின் மறைவில் நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சு வாடா. டூட்டி முடிஞ்சுது, ரூமுக்குப் போ."

"மான் நக்கி முடிக்கட்டும்ணே, வர்றேன்."

"யாரு வந்திருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதான் உக்காந்திருக்கேன்."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு உங்க வீட்ல சொல்லிக் குடுக்கலையா? யார் சோத்தைத் தின்னுட்டு யார்கிட்ட வம்பு பண்றே?"

"சொல்லிக் குடுத்தாங்கண்ணே. முதலாளி எனக்கு உப்புப் போட்டாரு, அவரை நினைக்கிறேன். இதுகளுக்கு நான்ல போட்டேன்? போட்டவனே கழுத்தை அறுக்கலாம்னு எங்க வீட்ல சொல்லித் தரலை."

நீ குரலை உயர்த்தவே இல்லை. வெளிச்சம் மங்கியதும் விருந்தாளிகள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

மறுநாளே கலாஸ், வேலை முடிந்தது. விசாவை கேன்சல் செய்துவிட்டார்கள். உன்னை ஷார்ஜா ரோலாவில் எங்கள் ரூமுக்குக் கூட்டிவந்தேன். ஒரு பெட்டியும் அந்த நாற்காலியும்தான் உன் சொத்து. ஊரில் பாதி கட்டி லிண்டல் மட்டத்தில் நிற்கும் உன் வீட்டைச் சொல்லிச் சொல்லி ரூமில் இருந்தவர்கள் உன்னைத் திட்டினார்கள். "மான் என்ன உன் ரேஷன் கார்டுல இருக்கா?" என்றான் சமையல் முறைக்காரன். "உன் பேரையே போன வருஷந்தான் ஏத்துனாங்க. நீ பேசாதடா" என்றாய். எல்லோரும் சிரித்துவிட்டோம். போகும்போது நாற்காலியை என்னிடம் விட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் எத்தனை மான் செத்ததோ, எனக்குத் தெரியாது. எங்கள் லோடையும் நிறுத்திவிட்டார்கள். நீ ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டினாய். ஸ்டாண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். லீவு கிடைக்காமல் உன் கடைசிக் காரியத்தைப் போனில்தான் பார்த்தேன். "துபாயிலயே இருந்திருந்தா வீட்டையாவது முடிச்சிருப்பான், ஒரு மானுக்காகக் கெட்டான்" என்று யாரோ பந்தலில் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வாயில் ஒரு கட்டி உப்பை அடைத்திருப்பேன். கெட்டவன் நீ இல்லை. உன் மனைவி பிறகொரு நாள் என்னிடம் சொன்னாள்: "வந்த புதுசுல நாலு நாள் அவரோட பேசலைண்ணே. அப்புறம் நாற்காலிக் கதையைச் சொன்னாரு. சிரிச்சுட்டேன். இன்னும் கூரை போடலை. ஆனா அந்தக் கதை எங்க வீட்ல இருக்கு."

இதையெல்லாம் ஏன் இன்று எழுதுகிறேன் என்றால், கட்டிகளைப் பொறுக்கி அடுக்கிய கையோடு ஒரு போன் வந்தது. வேறொரு பண்ணையின் சூப்பர்வைசர். உப்புக்கட்டி வேண்டும், வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், மான் முன்பக்கம் வந்து நிற்க வேண்டுமானால் எங்கே வைப்பது என்று இந்தியில் கேட்டார். எதற்கு முன்பக்கம் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அதற்கு உப்புக் கிடையாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் முதலாளி காதுக்குப் போனால் போகட்டும். வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். பார்க்கட்டும். எந்தக் கடையில் உப்பு வாங்கினாலும், வெள்ளிக்கிழமை அந்தப் பண்ணைக்கு வைக்கோல் கொண்டுபோவது என் லாரிதான்.

உன்னைச் சுற்றி நின்ற மாதிரி என்னைச் சுற்றி மான் நிற்காது, மாப்ளே. என்னைக் கண்டால் ஓடும். துப்பாக்கிக்கு எட்டாத தூரம் ஓடட்டும், அதைத்தான் நானும் கேட்கிறேன். நாற்காலியை இப்போதே லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. உட்கார்ந்தால் ஆட்டம் நின்றுவிடும்.