இரண்டு ஆற்றங்கரை, ஒரே வீட்டுப்பெயர்

இன்று ஆயுத பூசை. தறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும், என் மகள் இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். புதுப் பொரியின் வாசனை முகத்தில் அடித்தது. அதற்குமேல் என் கை நகரவில்லை. "போடும்மா, கை வலிக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் கொட்டினேன். பாதி தரையில் சிதறியது.

நீ போனபிறகு வருகிற மூன்றாவது ஆயுத பூசை இது. முதல் வருடம் பொரியே வாங்கவில்லை. போன வருடம் வாங்கி, வீட்டுக்காரர் கையால் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த வருடம் என்னால் முடியும் என்று நினைத்தேன். முடிந்தது என்றுதான் சொல்லவேண்டும். அழுகை எல்லாம் வரவில்லை. பெருக்கி அள்ளிப்போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடலில் உன்னை அண்ணா என்று கூப்பிடப்போவதில்லை. ஊருக்காகக் கூப்பிட்டது போதும்.

தெலுங்கு பேசும் நம் நெசவுக் குடும்பங்களில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரையோ வேலையையோ முதலில் கேட்பதில்லை, வீட்டுப்பெயரைத்தான் கேட்போம். வீட்டுப்பெயர் ஒன்றாக இருந்தால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளை அண்ணனோ தம்பியோதான். அங்கே பெண் கொடுப்பது என்ற பேச்சே இல்லை. பாவாடை கட்டத் தெரியாத குழந்தைக்குக்கூடத் தெரிந்த கேள்வி அது. அதை நாம் இரண்டு பேரும் எட்டு மாதம் கேட்டுக்கொள்ளவில்லை. நம் ஜனத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்கமாட்டார்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நினைவிருக்கிறதா? நான் பெருநகரிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். எனக்குக் கிடைத்த மெஷினில் ஒரு எழுத்தை அடித்தால் திரும்பி வராது, விரலால் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் நாள் நீ எழுந்து, "நீ இங்க ஒக்காரு. அந்த ஓட்டை மெஷின நான் பாத்துக்கறேன்" என்றாய். அதற்குப் பிறகு எட்டு மாதமும் அந்த ஓட்டை மெஷினில்தான் அடித்தாய். உன் வேகம் குறைந்துபோனதற்கு ஆசிரியர் உன்னைத்தான் திட்டினார்.

பரீட்சைக்கு விண்ணப்பம் எழுத வேண்டிய நாள் வந்தது. உன் கையெழுத்து அழகு என்று என்னுடையதையும் உன்னிடமே கொடுத்தேன். "இன்ஷியல விரிச்சி எழுதணுமாம். இன்னா?" என்று கேட்டாய். வீட்டுப்பெயர்தான், ஏட்டிகட்டு என்றேன். நீ பேனாவின் மூடியைப் போட்டாய். உன் விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தாய். அதிலும் அதே பெயர், அதே அழகான கையெழுத்தில்.

"நாம ரெண்டு பேரும் சரியான முட்டாளு" என்றாய். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் மதியம் வரை பஸ் இல்லை என்பதால் எழுந்து போய்விட்டேன்.

நீ விடுவதாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து நின்றாய். நைனா தறிக்குழியில் இருந்தார். நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்வந்துகொண்டே இருந்தது, அவர் நிறுத்தவில்லை. நீ "மாமா" என்று ஆரம்பித்தாய். அப்போதுதான் நிறுத்தினார்.

"மாமாவா? பெரிநைனானு கூப்புடு."

நீ மாமா என்றும் கூப்பிடவில்லை, பெரியப்பா என்றும் கூப்பிடவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாய். "எங்க பாட்டன், முப்பாட்டன் அல்லாரும் பாலாத்தங்கரை. வாலாஜாபாத்துக்கு இந்தாண்ட. நீங்க செய்யாத்தங்கரை. ஏட்டிகட்டுனா ஆத்தங்கரைதானே? அங்க ஒருத்தன் ஆத்தோரமா வூடு கட்டிக்கினு இருந்திருப்பான், இங்க ஒருத்தன் இருந்திருப்பான். ரெண்டு பேருக்கும் ஊர்க்காரன் ஒரே பேர வெச்சிட்டு பூட்டான். அதுக்கு நாங்க எப்டி அண்ணன் தங்கச்சி ஆவறது?"

"ரெண்டு ஆறும் திருமுக்கூடல்ல ஒண்ணாதான் சேருது" என்றார் நைனா.

"சேருது இல்ல? அப்ப சேத்து வெச்சிடுங்க."

அம்மா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனாவுக்கே சிரிப்பு வந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். ஆனால் அவர் முடிவாகச் சொன்னது ஒன்றுதான். "பேரு ஒண்ணுனா ரத்தம் ஒண்ணு. நீ தங்கமான புள்ளதான். ஆனா எம்புள்ள மாதிரி."

அப்படியும் நியாயமாக நடந்துகொண்டார் என்று சொல்லவேண்டும். உன் அப்பாவை வரச்சொல்லி, கோயில் மண்டபத்தில் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கத் தலைமுறைகளை எண்ணினார்கள். நான்கு தலைமுறைக்கு மேல் இரண்டு பேருக்கும் பெயர் தெரியவில்லை. தெரிந்தவரையில் ஒரு பெயரும் ஒத்துவரவில்லை. வீட்டுக்கு வந்த நைனா, "எங்க பிரிஞ்சோம்னுதான் தெரில. பிரிஞ்சது நெஜம்" என்றார். தெரியாத ஒன்றை வைத்து நம் கதை முடிந்தது. ஓடிப்போகலாமா என்று நீ ஒருமுறை கேட்டாய். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப்பார்க்கிறேன், கேட்டதாக நினைவில்லை. இப்போது கேட்கிறேன்.

என் கல்யாணத்தில் நடந்ததை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஓமத்தின்போது பெண்ணின் கையில் அண்ணனோ தம்பியோ பொரி போட வேண்டும், அதை அவள் நெருப்பில் இட வேண்டும். எனக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. நைனா உன்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். வஞ்சகமாக இல்லை, உண்மையிலேயே உன்னை மகனாக்கிக்கொண்டுவிட்டார். நீ வரமாட்டாய் என்று நம்பியிருந்தேன். நீ புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தாய்.

மூன்று முறை போட்டாய். முதல்முறை என் கை விரிந்துபோய்ப் பொரி மடியில் கொட்டியது. "கைய நல்லா சேத்து புடி" என்று மெதுவாகச் சொன்னாய். சேர்த்துப் பிடித்தேன். மற்ற இரண்டு முறையும் ஒரு பொரிகூடச் சிந்தவில்லை. என் வீட்டுக்காரர் உனக்கு மைத்துனன் மோதிரம் போட்டுவிட்டு, "மச்சான், அடிக்கடி வூட்டாண்ட வரணும்" என்றார். அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. 

பத்து வருடம் கழித்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வீங்கின முகத்தோடு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தாண்டிப்போய்விட்டேன். "இன்னா, ஆள் தெரிலயா?" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று, கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாய். வாரம் இரண்டு தடவை பட்டணத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவதாகவும், உன் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க முடியாது என்றும் சொன்னாய். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் இல்லை, கொடுப்பதற்கு வேறு ஆளும் இல்லை.

நான் கொடுக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது, வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், "உங்க அண்ணன் வேற, எனக்கு மச்சான் வேறயா? டெஸ்ட்டு எடுத்துப் பாக்கலாம்" என்றார். நம்மைப் பிரித்த அதே பெயர்தான் உன் கட்டில் வரை எனக்கு வழிவிட்டது. வேறு எந்த முறையில் நான் அங்கே வந்து உட்கார்ந்திருக்க முடியும்? நர்ஸ் கேட்டால் அண்ணன் என்பேன். நீ கண்ணை மூடிக்கொள்வாய். மனைவி கொடுப்பதென்றால் சுலபம், தங்கை முறை என்றால் பரிசோதனை சரியாக வந்தபிறகு ஒரு குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். நான் உன்னைப் பார்க்கவில்லை, நீயும் என்னைப் பார்க்கவில்லை.

ரத்தம் கொடுத்த அன்று, "இப்ப தெரிஞ்சிடும், உங்க நைனா சொன்னது நெஜமா பொய்யானு" என்று கிண்டல் செய்தாய். கூடப்பிறந்தவர்களாக இருந்தால் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம் என்று அங்கே எழுதி ஒட்டியிருந்தது. முடிவு வரும்வரை பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? நைனா சொன்னது நிஜமாக இருக்க வேண்டும் என்று. இரண்டு ஆறும் எங்கோ மேலே ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும், நீ என் அண்ணனாகவே இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று. அந்தப் பெயரை அவ்வளவு காலம் வெறுத்தவள், அதில் கொஞ்சமாவது ரத்தம் இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

இல்லை. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குரூப் சேருது. ஆனா அவர் உடம்பு உங்களோடத ஏத்துக்காதும்மா. வெச்சா உடனே தள்ளிடும்" என்றார்.

"ஒரே பங்காளி ரத்தங்க" என்றார் வீட்டுக்காரர்.

"எந்த எடத்துலயும் ஒத்து வரலீங்க. ரொம்பத் தூரத்துச் சொந்தமா இருக்கலாம், சொந்தமே இல்லாமலும் இருக்கலாம். அதச் சொல்றதுக்கான டெஸ்ட் இல்ல இது."

அதைச் சொல்வதற்கான பரிசோதனை இல்லை என்பது எனக்கும் புரிந்தது. ஆனாலும் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கையில் குழாயோடு படுத்திருந்த உன்னிடம் நான்தான் சொன்னேன்.  "சொன்னேன்ல, வேற ஆறுன்னு" என்று சிரித்தாய். உயிர் போகும் செய்தியில் ஜெயித்துவிட்ட சந்தோஷம் உனக்கு. நானும் சிரித்துத் தொலைத்தேன். நான் கிளம்பும்போது என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாய்.

"இத உங்க நைனா கிட்ட சொல்லாத. வயசாயிடுச்சி. தாங்கமாட்டாரு."

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தாய். தகவல் வந்த அன்று நைனா எங்கள் வீட்டில்தான் இருந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார், பெற்ற மகனுக்கு அழுவது மாதிரி. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம், "பங்காளித் தீட்டும்மா. தலைக்கு ஊத்திக்கோ. கட்டிக்குடுத்த பொண்ணு, உனக்கு மூணு நாளுதான்" என்றார்.

பரிசோதனைத் தாள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து அவர் முன்னால் விரித்திருக்கலாம். தீட்டு இல்லை நைனா, அவர் நமக்கு யாரும் இல்லை, அவரை நான் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. நீ தலைப்பைப் பிடித்து நிறுத்தியது ஞாபகத்துக்கு வந்தது. போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். மூன்று நாள் தங்கையாகத் துக்கம் காத்தேன். நான்காம் நாள் அடுப்புப் பற்றவைத்தேன். உன் அஸ்தியைத் திருமுக்கூடலில் கரைத்ததாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். இரண்டு ஆற்றிலும் தண்ணீர் இல்லையாம். மணலில் ஊற்றுத் தோண்டிக் கரைத்திருக்கிறார்கள்.

நைனா இன்னும் இருக்கிறார். கல்யாண வயதில் யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பெயரைத்தான் முதலில் கேட்கிறார். நான் எதுவும் சொல்வதில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறது.

ரத்தம் கொடுத்த அன்றே சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்த பெண், என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டே, "ரெண்டும் நல்லா இருக்குக்கா. எடுத்தா இடது பக்கந்தான் எடுப்பாங்க" என்றாள். அன்றிலிருந்து அதை உன்னுடையது என்றே நினைத்துக்கொண்டேன். பத்து நாள் அப்படி நினைத்தது போகவில்லை. இன்றைக்கும் குனிந்து சிதறின பொரியைப் பெருக்கும்போது, இடது பக்கம் கையை வைத்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன். நீ வாங்கிக்கொள்ளாமல் போனது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது.