சிரிப்புக்கு ஒரு பீரியட் ஆயுள்

ஜூலை 8, செவ்வாய்

மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. புழுக்கம். ஆபீஸ் கேன்டீனில் டீக்கு நிற்கும்போது பக்கத்து சீட் ராகேஷ்: "சார், பாபிஜி அபீ பீ கடா ஹை?" சுற்றி எட்டுப் பேர் சிரிப்பு. ஒன்றும் புரியாமல் நானும் சிரித்தேன், மரியாதைக்கு. அப்புறம் போனைக் காட்டினான். அதில் நான். லுங்கி, பனியன். மயூர் விஹார் வீட்டு வாசலில் கூலர் ரிப்பேர்காரரிடம் கத்துகிறேன்: "பையா, மேரா பீவி சுபே ஸே கடா ஹை!"

என் மனைவி காலையிலிருந்து நிற்கிறாள் என்று சொன்னதாக நினைப்பு. ஹிந்தியில் நான் சொன்னது 'நிற்கிறான்'. 'கடீ' என்று முடித்திருக்க வேண்டும். ராகேஷ் கேட்டதும் அதைத்தான், அண்ணி இன்னும் நிற்கிறானா என்று. டெல்லிக்கு வந்து இருபது வருஷம்.

எடுத்துப் போட்டது என் மகள் ஸ்வாதி. எட்டாம் வகுப்பு. ரீலுக்குத் தலைப்பு, 'அப்பா கீ ஹிந்தி'. அதில் மட்டும் இலக்கணம் சுத்தம்.

மாலை, செல்வியிடம் (மனைவி, மேற்படி ஆண்பால்) காட்டினேன். "இம்புட்டு வருஷம் குடும்பம் நடத்தி என்னைக் கடான்னுட்டீங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சு வெட்டிருங்க."

ஸ்வாதியை அழிக்கச் சொன்னேன். "அப்பா, ப்ளீஸ் நா. எல்லாரும் பாத்திருக்கு." இவள் தமிழில் மனிதர்கள் அத்தனை பேரும் அஃறிணை. நான் அதைப் படம் எடுத்தேனா?

ஜூலை 9, புதன்

நல்ல மழை. கா. 9.05 மெட்ரோவில் நின்றுகொண்டே. ரீல் இதுவரை போய்ச் சேர்ந்த இடங்கள்:

– பால் பூத். பாக்கெட்டைக் கொடுக்கும்போதே சிரிப்பு.
– மூன்றாம் மாடிக்காரர். முதுகில் தட்டினார். எதற்கு என்று இருவருக்கும் தெரியும்.
– திண்டுக்கல். செல்வியின் அண்ணன், பட்டாளத்தில் ஹிந்தி கற்றவர், போன்: "மாப்ள, எங்க தங்கச்சிய பொண்ணாத்தானய்யா கட்டிக் குடுத்தோம்?"
– நான். பதினோரு தடவை பார்த்தேன், எவன் என்ன எழுதியிருக்கிறான் என்று. நான் பார்ப்பதும் எண்ணிக்கையில் சேருமாம்.

நானும் ஒரு காலத்தில் எட்டாவது படித்தவன். ஆண்டு விழாவில் நன்றியுரை என்னுடையது. 'வந்து சிறப்பித்த' என்பதற்குப் பதில் 'வந்து சிரிப்பித்த விருந்தினர் அவர்களே' என்றேன். பள்ளிக்கூடமே உருண்டது. மறுநாள் இரண்டாம் பீரியடில் கணக்கு வாத்தியார் வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அத்தோடு என் கதை முடிந்தது. அன்றைக்கெல்லாம் ஒரு சிரிப்பு அடுத்த சிரிப்பு வரும்வரைதான் உயிரோடு இருக்கும். இப்போது சிரிப்புக்குச் சாவே கிடையாது. எட்டாம் வகுப்பில் நான் இருந்ததற்கே ஒரு குரூப் போட்டோதான் அத்தாட்சி, அதிலும் முன்னால் நின்றவன் காது என் மூக்கை மறைத்துவிட்டது. எவ்வளவு பெரிய பாதுகாப்பு! தெரியாமல் போட்டோகிராபரைத் திட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

தூறல். இனி எவனும் சிரிக்கக் கூடாது. மெட்ரோவில் ஹிந்தி ஆண்பால் பெண்பால் மனப்பாடம்:

பீவி, மம்மி – பெண். நியாயம். பஸ் – பெண். டிரக் – ஆண். மீசை – பெண்! தாடியும்!! பாப்பா ஆயேகா (அப்பா வருவார்), மம்மி ஆயேகீ (அம்மா வருவாள்).

மீசை எப்படிப் பெண் என்று ராகேஷைக் கேட்டேன். "ஐஸே ஹீ ஹை, சார்." அப்படித்தானாம். தன் மீசையைத் தடவிக்கொண்டான்.

மாலை ஸ்வாதிக்குக் கெடு வைத்தேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் அழிக்க வேண்டும். உடனே பதில்: "நீங்க மட்டும் என் மொட்டை போட்டோ போட்டீங்க. நான் அழுதுட்டு இருந்தேன். என்னைக் கேட்டீங்களா?"

மொட்டை குலதெய்வத்துக்கு. போட்டோ யாருக்கு? நூற்றெட்டு லைக். உட்கார்ந்து எண்ணியவன் நான்தான்.

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. மெட்ரோ லேட். ஹெட் கிளார்க்கிடம் பாட்டு.

வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே செல்வி: "செக்ஷன் மாத்துனதுலருந்து அவ தனியாத்தான் டிபன் திங்கிறா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"ஏப்ரல்லருந்து. இந்த ரீலைப் பாத்துட்டுத்தான் மூணு பிள்ளைக பக்கத்துல வந்து உக்காந்துருக்கு. உங்க கிரீடம் ஒண்ணும் எறங்கிப் போயிடல."

எங்களுக்கெல்லாம் சேர்ந்துகொள்ள ஒரு பந்து போதும். பந்துகூட வேண்டாம், ஒருத்தன் தெருவில் நின்று பேரைச் சொல்லிக் கத்தினால் போதும். இவளுக்கு அப்பன் மானத்தை ஏலம் விட வேண்டியிருக்கிறது. கோபம். யார் மேல் என்று பிடிபடவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினேன். இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கெடு இன்றோடு முடிகிறது. நான் கேட்கவில்லை. அவளும் பேச்செடுக்கவில்லை.

மா. 4 மணி. கொட்டும் மழையில் அந்த மூன்று பெண்களும் வீட்டுக்கு வந்தார்கள். வெங்காய பஜ்ஜி. யாரும் தொடவில்லை. மூவரும் என் வாயையே பார்க்கிறார்கள். ஒருத்தி கையில் போன் தயார். நாக்கு நுனியில் எனக்கு மொத்த மனப்பாடமும். மீசை வரைக்கும் ஒப்பித்துவிடலாம், யாருக்கு ஹிந்தி வராது என்று பார்க்கட்டும். ஸ்வாதியைப் பார்த்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பேட்டா," என்றேன் போன்காரியிடம், "ஆப்கா மம்மி லேனே ஆயேகா?" அம்மா கூட்டிப்போக வருவானா என்று.

வீடே அதிர்ந்தது. ஒருத்தி சோபாவிலிருந்து சரிந்தாள். ஸ்வாதி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள்? அதையும் படம் எடுத்தார்கள். நாளை ராகேஷ் பார்ப்பான். திண்டுக்கல் பார்க்கும்.

அவர்கள் போன பிறகு தட்டை எடுக்க வந்தவள் என் பக்கம் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காமல்: "அப்பா, ஆயேகா இல்ல. ஆயேகீ. மம்மி கேர்ள் நா."

"அப்படியா?" என்றேன்.

தெரியும் என்று சொல்லவில்லை.