கடைசிப் பக்கத்து வெள்ளைப் பெட்டி

மோர்டன், லண்டன்
09.01.2007, செவ்வாய்

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

நான் நலம். நீரும் நலம் என்று, காலையில் நான் புறப்படும்போது கேட்ட குறட்டை சொல்லிற்று.

ஆறு வருடம் மன்னாருக்கும் லண்டனுக்கும் நடுவில் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினோம். இப்போது ஒரே வீட்டில் இருந்துகொண்டும் சோற்றுக் குக்கருக்கு அடியில் கடிதம் வைத்துக்கொள்கிறோம். நான் விமான நிலைய ஓட்டங்களை முடித்து மினிகாப் வாடகைக் காரை வாசலில் நிறுத்தும்போது, நீர் முதியோர் இல்லத்து ஷிப்டுக்குப் போயிருப்பீர். நீர் திரும்பும்போது நான் உறக்கம். ஞாயிறு பூசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கதைக்க ஏலாது, சுவாமியார் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு இது வசதி. வாயைத் திறந்தால் எனக்கு வானிலை தவிர வேறொன்றும் வராது என்பது உமக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரிப் படிவம். ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரிலேயே அனுப்பிவிடுவேன். இந்த முறை பெண்சாதி வந்து சேர்ந்துவிட்டதால் எப்படி நிரப்புவது என்று தெரியாமல் இழுபட்டுவிட்டது. 31ஆம் திகதி கடைசி நாள், தவறினால் நூறு பவுண் தண்டம். எனக்கு முதலே இந்த ஊருக்கு வந்த தியாகராஜா அண்ணையிடம் கேட்டேன். "புருசன் பெண்சாதி எண்டால் ஒரே படிவம்தான் ஐசே. அவவின்ர சம்பளத்தையும் உம்மட கணக்கிலை போட்டு, நீர் கையெழுத்து வையும், அலுவல் முடிஞ்சுது" என்றார். ஆகவே உமது வேலைத்தலம் போன வருடம் தந்த பி-60 என்ற வருடச் சம்பளத் தாளை எடுத்து வையும். என்னுடைய பழைய படிவங்களின் பிரதிகள் அலுமாரிக்கு மேலே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அவற்றில் உள்ள என் வரி இலக்கத்தைப் பார்த்து இந்த வருடப் படிவத்தில் எழுதிவிடும். கச்சேரியில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய கையெழுத்து உம்முடையது.

உமது
கஸ்பர்

பி.கு: மீன் குழம்பில் உமக்கு மிச்சம் வைக்க முடியவில்லை. அது குழம்பின் குற்றம்.

*

மோர்டன்
10.01.2007

இஞ்சாருங்கோ,

அன்போடு எழுதுவது. குறட்டை விட்டது நானல்ல, ஹீட்டர்.

பி-60 தாள் தர மாட்டேன். அது மடு மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது, அங்கேயே இருக்கும். மன்னார்க் கச்சேரியில் காணிக் கிளையில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். ஊரிலுள்ள பாதிக் காணி உறுதிப் பத்திரங்கள் என் கையால் பதியப்பட்டவை. அப்படிப்பட்டவளை "தங்கி வாழ்பவர்" என்று விசாவில் முத்திரை குத்தித்தான் இந்த நாட்டுக்குள் விட்டார்கள். என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் முழுதாக எழுதி இங்கே எனக்கு வந்த முதல் தாள் அது. உங்கள் கணக்கில் கரைத்துக் குடிக்கவா அதைப் பத்திரப்படுத்தினேன்?

தியாகராஜா அண்ணைக்கு ஊர்ச் சட்டமும் தெரியாது, இந்த ஊர்ச் சட்டமும் தெரியாது. எங்கள் முதியோர் இல்லத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் ஷெறோன் பிள்ளையிடம் கேட்டேன். "அன்ரி, இங்க ஹஸ்பண்ட் வேற, வைஃப் வேற. ஆளுக்கொரு பேப்பர்" என்று சொல்லி, வரி அலுவலகத்துக்கே போன் போட்டும் தந்தாள். தம்பதிக்கென்று ஒரு சலுகை இருக்கிறதாம். ஆனால் இருவரில் ஒருவராவது 1935 ஏப்ரலுக்கு முன் பிறந்திருக்க வேண்டுமாம். உங்கள் தலைமுடியைக் காட்டி முயற்சி செய்து பார்க்கலாம்.

இன்னொன்றும் சொன்னார்கள். நான் வந்தது பாதி வருடத்தில் என்றாலும், முழு வருடத்துக்குரிய வரி விலக்கும் எனக்கு உண்டாம். என் சம்பளம் அதைத் தொடவில்லை. எனவே நான் இந்த அரசாங்கத்துக்கு ஒரு சதமும் கடன்பட்டவள் அல்ல. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, வரி கட்டினால் ஒரு மரியாதை.

டின்னை இன்றைக்கு இறக்குகிறேன்.

அன்புடன்
அஞ்சலீனா

*

மோர்டன்
12.01.2007
(தபால் மூலம், இரண்டாம் வகுப்பு முத்திரை)

திரு. கஸ்பர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைக் குக்கருக்கு அடியில் வைக்க மனம் வரவில்லை. தபாற்பெட்டியில் போடுகிறேன். மலிவான முத்திரைதான் ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் இது வந்து சேர மூன்று நாளாவது ஆக வேண்டும். அதற்குள் என் கோபம் ஆறினால் உங்கள் அதிர்ஷ்டம்.

டின்னில் ஐந்து படிவங்கள். ஐந்திலும் வெளிநாட்டு வருமானப் பக்கம். ஐந்திலும் "மன்னார், பெரியகடை, ஒரு வீடு, வாடகை" என்று உங்கள் வருமானமாக எழுதி, உங்கள் கையெழுத்து.

அது என் வீடு. என் அப்பா எனக்குத் தந்த சீதன வீடு. உறுதி என் பெயரில். அங்கே குடியிருக்கும் சற்குணம் வங்கிக்காரர் மாதாமாதம் தந்த வாடகையை என் புத்தகத்தில் போட்டவள் நான். அதில் ஒரு ரூபாய் கூட உங்கள் கைக்கு வந்ததில்லை. வராத காசுக்கு ஐந்து வருடம் வரி கட்டியிருக்கிறீர்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆனால் நான் இப்போது சிரிக்கிற எண்ணத்தில் இல்லை.

காணிக் கிளையில் நான் பார்த்ததை உங்களுக்குச் சொன்னதில்லை. எங்கள் வழமைப்படி, பெண் தன் சீதன வீட்டை விற்பதென்றாலும் புருசன் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும். அதனாலேயே எத்தனையோ புருசன்மார் அது தங்கள் வீடு என்றே நினைத்துக்கொண்டார்கள். பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதிலை வையும், இதிலையும் வையும்" என்று விரலால் காட்டுவார்கள். அவள் வாசிக்காமல் வைப்பாள். நான் முத்திரை குத்துவேன். அப்படி எத்தனை வீடுகள் என் மேசையைத் தாண்டிப் போயின.

நத்தார்ப் பண்டிகைக்குச் சாப்பிட வந்த தியாகராஜா அண்ணை சொன்னார், "அந்தச் சீதன வீட்டை வித்தால் மோர்டனிலை ஒரு வீட்டுக்கு டிப்பொசிட் போடலாம்" என்று. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தப் படிவங்களைப் பார்த்த பிறகு படுகிறது.

அந்த வீட்டை உங்களுடையது என்று எப்போதிருந்து நினைக்கிறீர்கள்? நேராகப் பதில் வேண்டும். வானிலை வேண்டாம்.

அஞ்சலீனா
(வீட்டின் சொந்தக்காரி)

*

மோர்டன்
17.01.2007
(தபால் மூலம், முதலாம் வகுப்பு முத்திரை)

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

"அன்புள்ள" என்பதை நான் விடுவதாக இல்லை.

உமது கடிதம் நேற்று வந்தது. நாலு நாளாகச் சம்பலில் ஏன் அத்தனை உப்பு என்று நேற்றுத்தான் விளங்கியது. ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது நீர் எனக்குக் கை தராமல் பின் வரிசை வாங்கில் இருந்த றோஸ்மலர் அக்காவுக்குத் தந்தீர். உமக்குச் சளி, தடிமன் என்று நினைத்துவிட்டேன், மடையன்.

நேராகச் சொல்கிறேன். நான் வந்த புதிதில் இந்தப் படிவத்தைக் கண்டால் எனக்குக் காய்ச்சல் வரும். தியாகராஜா அண்ணைதான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொன்னார். வெளிநாட்டில் வீடு உண்டா என்று அதில் ஒரு கேள்வி. "சீதன வீடு உமக்குத் தந்ததுதானே? அப்ப வாடகையும் உம்மட வருமானம்தான். ஒளிச்சுப்போட்டு நாளைக்கு அவவின்ர விசாவிலை பிடிபட்டால் என்ன செய்வீர்?" என்றார். விசா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. நீர் கடிதத்தில் எழுதும் வாடகைத் தொகையைப் பார்த்துப் பார்த்து அப்படியே எழுதினேன். ஒரு ரூபாய் குறைத்து எழுதி, அதனால் உம்மை விமானத்தில் ஏற்றாமல் விட்டால்? அந்தப் பயத்தில், ஒவ்வொரு கணக்கையும் மூன்று தரம் கூட்டினேன்.

நத்தார் விருந்தில் நான் பேசாமல் இருந்தது வாயில் முழு ரோல்ஸ் இருந்ததால். விழுங்கி முடிப்பதற்குள் அண்ணை அடுத்த கதைக்குப் போய்விட்டார். அந்த வீட்டை விற்க எனக்கு எண்ணமில்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. டிப்பொசிட் என் மினிகாப் ஓட்டத்தில் சேரும், சேராவிட்டால் இந்த வாடகை வீட்டிலேயே கிடப்போம்.

ஆனால் நான் எழுதியது பிழை. அதை உம்மைப் போல ஒருவர் சரிப்படுத்தட்டும். படிவங்கள் எல்லாம் உம்மிடமே இருக்கின்றன. கட்டின வரியைத் திருப்பிக் கேட்க முடியுமென்றால் நீரே எழுதும். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று விரலால் காட்டும். நான் வாசிக்காமல் வைக்கிறேன்.

உமது
கஸ்பர்

பி.கு: முதலாம் வகுப்பு முத்திரை வீண் செலவுதான். ஆனால் நாளைக்கே உமக்குக் கிடைக்க வேண்டும்.

*

மோர்டன்
22.01.2007

என் அன்புக்குரிய இஞ்சாருங்கோ,

இது மீண்டும் குக்கருக்கு அடியிலேயே வருகிறது. சம்பலைப் பயமில்லாமல் சாப்பிடலாம்.

ஷெறோன் விசாரித்துச் சொன்னாள், ஐந்து வருடம் வரை திரும்பிப் போய் பிழையைத் திருத்தலாமாம். ஆகவே கச்சேரியில் செய்ததுபோல ஒவ்வொரு படிவத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். அன்றைக்குக் கோபத்தில் வெளிநாட்டுப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் "மேலதிக விபரங்கள்" என்று ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. எல்லாரும் அதை வெறுமையாக விடுவார்கள் என்று ஷெறோன் சொல்கிறாள். நீங்கள் விடவில்லை.

உங்கள் ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

2001: "இந்த வீடு என் மனைவியுடையது. பெயர் அஞ்சலீனா. கலியாணம் முடிந்து மூன்று மாதத்தில் நான் வந்துவிட்டேன். அவர் மன்னாரிலேயே இருக்கிறார்."

2002: "சண்டை நின்றிருக்கிறது. விசா கிடைத்ததும் மனைவி வருவார். வந்ததும் உங்களுக்கு அறிவிப்பேன்."

2003: "மனைவி இன்னும் வரவில்லை. காலதாமதத்துக்கு மன்னிக்கவும்."

2004: "வீட்டு வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. இலை விழுகிறது, வெட்டுங்கள் என்று வாடகைக்காரர் கேட்கிறார். மனைவி மறுத்துவிட்டார். இதனால் வாடகையில் மாற்றமில்லை."

2005: "விசா வந்துவிட்டது. ஒக்டோபர் 14, காலை விமானம். அன்று நான் வேலை செய்ய மாட்டேன். அந்த நாள் வருமானம் இல்லை."

முன்பக்கத்தில் உங்கள் வீடு, கடைசிப் பக்கத்தில் என் வீடு. முதல் வருடமே உண்மையை எழுதிவிட்டுத்தான் வரியும் கட்டியிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்வது?

எனக்கு எழுதிய கடிதங்களில் இதில் ஒரு வரி கூட நீங்கள் எழுதியதில்லை. குளிர் எத்தனை பாகை, மழை எத்தனை நாள், பெற்றோல் விலை. ஆறு வருடம் எனக்கு வானிலை அறிக்கை அனுப்பிவிட்டு, மனசில் இருந்ததை வரிக் கந்தோருக்கு எழுதியிருக்கிறீர்கள். நான் வராததற்கு அவர்களிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறீர்கள். சமையலறையில் நின்றபடியே வாசித்து அழுதேன். முதல் தடவையாக ஷிப்டுக்குப் பிந்திப் போனேன். என்ன நடந்தது என்று பொறுப்பாளர் கேட்டார். "வீட்டில் இருந்து கடிதம் வந்தது" என்று சொன்னேன்.

இனி அலுவல். வரியைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதிலும் இந்த வருடப் படிவத்திலும் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி போட்டிருக்கிறேன். வாசித்துவிட்டு வையுங்கள். வாசிக்காமல் வைப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், உங்களையும் அப்படிப் பார்க்க விருப்பமில்லை. மன்னார் வாடகையை இனி என் பெயரில் நானே அறிவிப்பேன். எனக்கும் ஒரு வரி இலக்கம் தரச்சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் படிவம் நிரப்பியாகிவிட்டது, அந்த வெள்ளைப் பெட்டியைத் தவிர. அது என் கையெழுத்தில் இருக்கக்கூடாது.

என்றும் உங்கள்
அஞ்சலீனா

*

மோர்டன்
30.01.2007

அன்புள்ள அஞ்சலீனாவுக்கு,

படிவம், கடிதம் இரண்டையும் வாசித்தேன், இரண்டிலும் புள்ளிக்கு மேல் கையெழுத்து வைத்தேன். இன்றைக்குப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. பற்றுச்சீட்டு டின்னில் இருக்கிறது. தண்டம் இல்லை. தியாகராஜா அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப என்ர பெண்சாதியின்ர சீதனக் காணியையும் ஒருக்கா அஞ்சலீனாவைப் பார்க்கச் சொல்லும்" என்றார். கட்டணம் வாங்கும், விடாதேயும்.

பெட்டியில் என்ன எழுதினேன் என்று நீர் கேட்கவில்லை. ஆனால் கேட்பீர். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து யோசித்தும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: "மனைவி வந்துவிட்டார். மேலதிக விபரம் இல்லை."

வருகிற வெள்ளிக்கிழமை உமக்கு ஷிப்ட் இல்லை என்று ஷெறோனிடம் கேட்டு அறிந்தேன். அன்று நானும் வேலை செய்ய மாட்டேன். அந்த நாள் வருமானம் இல்லை. குக்கருக்கு அடியில் கடிதம் தேட வேண்டாம், சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்கிறேன். வானிலையில் இருந்துதான் தொடங்குவேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

உமது
கஸ்பர்