ஊசியில் வந்த வலி

பெப்ரவரி 3, 2025
தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பதினோரு பிள்ளைகளுக்கும் திரிபோஷா சத்துமா கலந்து கொடுத்தேன். மனசெல்லாம் கண்டி ஆஸ்பத்திரியில்தான். என் வீட்டுக்காரருக்கு ஈசிஜி சரியில்லை. மெஷினில் வேகமாக நடக்கவைத்து இதயத்தைப் பார்க்க வேண்டுமாம். ரப்பர் மலையில் வழுக்கி விழுந்த முழங்கால் அதற்கு ஒத்துவராது. அதனால் ஊசியில் மருந்து ஏற்றி, ஓடினால் ரத்தம் எப்படிப் போகுமோ அப்படிப் போகவைத்துப் படம் எடுப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இவருடைய அண்ணன் நாற்பத்தொன்பது வயதில் பால் வெட்டும் மலையிலேயே விழுந்து செத்தார். இவருக்கு இப்போது ஐம்பத்தொன்று.

பெப்ரவரி 18
இன்றைக்கு ஊசி போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள், எல்லாம் என்னால். முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி, கோப்பி கூடாது என்று ஆஸ்பத்திரியில் தந்த தாளில் இருந்தது. விடிய எழும்பியதும் வழக்கம்போல் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பாலில்லை, வெறுஞ்சாயம் — எங்கள் லயத்து வீடுகளில் அதை யார் ஒரு குடிப்பாக நினைக்கிறார்கள்? ஊசிக்கு முன்னால் நர்ஸ் ஹபீஸா மிஸ் என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். மாவனல்லை ஊர்க்காரர், தமிழ் பேசுவார். இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“சாயமும் கூடாதேம்மா. மருந்து சரியா வேலை செய்யாது.”

இன்னொரு திகதி: மார்ச் 25. ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். அதற்குள் ஏதாவது ஆனால்?

மார்ச் 2
நெஞ்சு எப்படி என்று கேட்டேன். “ஒன்னுமில்ல. சும்மா நச்சரிக்காத.”

மார்ச் 9
பக்கத்து வீட்டுத் தங்கம்மா சொல்கிறாள், அந்த ஊசி போட்டால் நெஞ்சு நின்றுவிடுமாம். யார் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் இன்னும் சொல்வாள்.

மார்ச் 24
தேயிலை டின்னைத் தங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். தேத்தண்ணி இல்லாமல் இவருக்குத் தலையிடி. எனக்கும்.

மார்ச் 25
ஊசி போடும் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் திரைச்சீலைதான், எல்லாம் கேட்டது. மருந்து ஏறியதும் இவர் முனகினார்.

“நெஞ்ச அமுக்குது மிஸ்.”

“பயப்படாதீங்க, மருந்தால வாறது, இப்ப போயிடும். முந்தியும் இப்படி வந்திருக்கா?”

இவர் குரலைத் தாழ்த்தினார்.

“டெய்லி வருதுங்க. மேல் மலைக்கு ஏறும்போது. நின்னா போயிரும்.”

டெய்லியா? என்கிட்ட ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு... நான் ஒரு கோப்பைச் சாயத்துக்காக ஐந்து கிழமை அழுதேனே. இந்த மனுசன என்ன செய்ய?

வீடு திரும்ப ரம்புக்கனைக்கு வரும் ரயிலில் கேட்டேன், ஏன் மறைத்தீர்கள் என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. வாய்விட்டுச் சொன்னா நெசமாயிரும்னு இருந்தேன்.”

ஏப்ரல் 4
படத்தில் இதயத்தின் ஒரு பக்கத்துக்கு ரத்தம் குறைவு. குழாய் விட்டு அடைப்பைப் பார்க்க மே 20. அதுவரை மலை கூடாது. வலி வந்தால் நாக்குக்கடியில் வைக்க மாத்திரை. வந்தால் இவர் சொல்ல வேண்டுமே.

ஏப்ரல் 11
பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடித்து வாளியோடு வந்தார். வாளியை இறக்கிவிட்டு வாசலிலேயே நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

“கலா, வருது” என்றார்.

மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், “இப்ப இல்ல” என்று அதையும் அவராகவே சொன்னார்.