ஆமைத் தடப் பதிவேடு

முருகன் துணை

காப்புக்காடு குவார்ட்டர்ஸ்,
வண்டூர், தெற்கு அந்தமான்.
3-2-1976, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா மரகதம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஜனவரி பதினேழாம் தேதி மெட்ராஸில் இருந்து நீ கப்பல் தபாலில் போட்ட கடிதம் இருபத்தொன்பதாம் தேதி சிப்பிகாட் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்தது. நர்ஸ் பரீட்சையை நல்லபடியாக எழுதியிருக்கிறாய் என்று படித்ததும் சாமி படத்துக்குச் செம்பருத்தி வைத்தேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வந்து, அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை ஹாஸ்டலில் யார் எதிரிலும் படிக்காதே, அம்மா. தனியாக உட்கார்ந்து படி.

மழை நின்று ஆறு வாரம் ஆகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இரண்டு கோழிகளை உடும்பு பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு லூசி ஆண்பிள்ளை பெற்றிருக்கிறாள், மாதா கோயிலில் ஞானஸ்நானம் முடிந்தது. உனக்கென்று ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தாள். அனுப்ப வழியில்லாமல் நாங்களே தின்றோம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

ஒரேயடியாக இருட்டு இல்லை. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று குரலை வைத்துத்தான் சொல்கிறார். போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே ரத்தம் வழிய வந்தார். ரோட்டில் விழுந்து கிடந்த மரத்தில் சைக்கிளை விட்டிருக்கிறார். வெயில் கூசிவிட்டது என்றார். அது காலை ஐந்தரை மணி, என்ன வெயில்? அன்று ரிஜிஸ்டரைப் பார்த்தேன். ஒரே ஆமைத் தடத்தை இரண்டு தரம் எழுதியிருந்தார். எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடியிருந்தது.

அவர் வேலை உனக்குத் தெரியும். வண்டூர் ரோட்டு முனை வரை சைக்கிள், அதற்கப்புறம் கடல் வற்றிய நேரத்தில் இறுகின மணலில் சைக்கிளும் நடையுமாக ஏழு மைல் கரை. இரவில் ஏறி வந்த ஆமைகளின் தடத்தை எண்ண வேண்டும். கூடு எத்தனை, நாய் தோண்டியது எத்தனை, ஆள் தோண்டியது எத்தனை என்று எழுத வேண்டும். புதுச் சட்டம் வந்ததில் இருந்து முட்டை எடுக்கக் கூடாது. இந்தக் கரையை மொத்தமாகப் பறவைக்கும் ஆமைக்கும் ஒதுக்கிவிடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். அதற்கு இந்தக் கணக்குத்தான் ஆதாரம். பார்க்க முடியாத மனுஷன் எண்ணுகிற வேலையில் இருக்கிறார்.

மறுநாள் நானும் கிளம்பினேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. அன்றில் இருந்து பதினான்கு மாதமாகப் போகிறேன். சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம். முதுகில் கையை வைத்து அழுத்தினால் பிரேக். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. இரண்டாவது நாளே தானாக வந்துவிட்டது. வங்காளிக் குடியிருப்பைத் தாண்டும்போது வயல் வேலைக்காரர்கள், பாபியின், அதாவது அண்ணியின், சவாரி வருகிறது, ஒதுங்குங்கள் என்று இந்தியில் கத்துவார்கள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் கழித்தா அக்கா தேனிலவு என்று லூசி கேட்டாள். உன் அப்பா ஊரெல்லாம், இவளுக்குச் சர்க்கரை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறார். அதனால் யார் வீட்டிலும் எனக்கு இனிப்பான டீ கிடைப்பதில்லை.

பள்ளிக்கூடம் பார்க்காதவள் நான். பிஸ்கட் டின்னில் இருந்தும் காலண்டரில் இருந்தும்தான் எழுத்துப் பிடித்தேன். இப்போது அவருடைய பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து இங்கிலீஷில் பதினொரு வார்த்தை எழுதுவேன். அவர் கை போலவே எழுதுகிறேன். இந்தப் பருவத்தில் நேற்று வரை 212 தடம், 131 கூடு. ஒன்றைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. எழுதிய கைதான் பொய்.

முழங்கால் வீங்குகிறது. ராத்திரி படுத்தால் கால் இரண்டும் நடந்துகொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டரை மணிக்கு எழுந்து கஞ்சி வைத்து, குளித்து, விளக்கேற்றி, மூன்றரைக்குச் சைக்கிளில் ஏறுகிறேன். கந்த சஷ்டி ஆறு நாளும் பட்டினியோடு நடந்தேன். முருகனிடம் என்ன கேட்டேன் என்று நினைக்கிறாய்? ஒரு நாள் நல்ல மழை வேண்டும் என்று கேட்டேன்.

இதெல்லாம் இத்தனை நாள் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் தை அமாவாசை, போன சனிக்கிழமை.

அமாவாசைக்கு வற்றம் ஏற்றம் இரண்டும் அதிகம். விடியற்காலையில் வற்றிக் கிடந்து, ஒன்பது பத்து மணிக்குள் கடல் கரை மரத்தடி வரை வந்துவிடும். பாறை முனையை ஏழு மணிக்கு முன்னால் திரும்பிக் கடந்துவிட வேண்டும். நாங்கள் எண்ணி முடித்தபோது ஆறேகால். உன் அப்பா கிளம்பலாம் என்றார். நான்தான் நிறுத்தினேன். உங்கள் அப்பாவுக்குத் தை அமாவாசையில் சமுத்திரக் கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் போவதா, நான் எள் முடிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்றேன். தண்ணீர் திரும்பிவிட்டது மரகதம், சத்தம் கேட்கிறது, வீட்டில் கிணற்றடியில் இறைக்கிறேன் என்றார். ராமேஸ்வரம் போக வக்கில்லாதவர்களுக்கு இந்தக் கடலாவது இருக்கிறது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடலின் சத்தத்தைக் கேட்டு நேரம் சொல்கிறவரை, பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நான் தோற்கடித்தேன். அவர் ஸ்நானம் செய்து, மூன்று தலைமுறைப் பெயரும் சொல்லி, நிதானமாக இறைத்தார். எழுந்து நடந்து வந்தால் பாறை முனையில் இடுப்பளவு அலை.

வேறு வழியில்லாமல் காட்டுக்குள் ஏறி, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து நிற்கிற கழியைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. சதுப்பு. சைக்கிளை அவர் தள்ள, நான் பின்னால் தூக்கிப் பிடித்தேன். கழியோரம் வந்ததும் என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை இழுத்தேன். நிமிர்ந்தால் அவர் பத்தடி முன்னால் போய்விட்டார். இங்கே ஒரு கட்டை கிடக்கிறது, சைக்கிளைச் சாத்திவிட்டு உட்காரலாம் வா என்றார்.

இந்தக் கரையில் எங்கே பார்த்தாலும் ஒதுங்கின கட்டைதான், அவர் மேல் தப்பில்லை. ஆனால் அது கட்டை இல்லை அம்மா. முதலை. அவர் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஓடிப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாக்க விழுந்தோம், சைக்கிள் எங்கள் மேலே. அந்தக் கட்டை எழுந்து, வயிற்றைச் சேற்றில் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. சத்தத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

சேற்றைத் துடைத்துக்கொண்டே எழுந்து, கட்டைக்குக்கூட என்னைக் கண்டால் பயம் பார்த்தாயா என்றார். சிரித்தும் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வர பகல் மூன்று மணி ஆயிற்று. வந்ததும், இன்றைக்கு எத்தனை என்றார். பதினான்கு தடம், ஒன்பது கூடு என்றேன். எழுதிவிடு என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். மெயின்லேண்டில் இருந்து பெரிய அதிகாரிகள் மூன்று பேர் வருகிறார்கள். பிப்ரவரி இருபதாம் தேதி தொடங்கி ஐந்து நாள் இந்தக் கரை முழுவதும், ரோடு உள்ள இடத்தில் சைக்கிள், மற்ற இடத்தில் நடை, ராத்திரி கூடாரம். வழிகாட்ட உன் அப்பாதான். உன் ரிஜிஸ்டர் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை, உன் கண்ணுக்கு ஈடு கிடையாது என்று தோளில் கை வைத்துச் சொன்னார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். டம்ளரைக் கழுவினதையே கழுவினேன்.

அந்த ஐந்து நாளும் நான் கேரியரில் உட்கார்ந்து போக முடியாது. அந்த மாதிரிக் கழிகள் வழியில் ஏழு இருக்கின்றன, நான் எண்ணியிருக்கிறேன்.

போகவேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். பதினான்கு மாதத்தில் கண் என்ற வார்த்தையை நாங்கள் பேசியது அன்றுதான். அவர் வேறொரு கரையில் இருந்த காவலரைச் சொன்னார். அவரை டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பி, வேலைக்குத் தகுதியில்லை என்று காகிதம் கொடுத்து, ஒரே மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்தான், அதற்குள் அரசி படிப்பை முடிக்கட்டும் என்றார். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். உங்கள் வார்டில் புரை எடுத்தவர்கள் கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை. என் அப்பனுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், ஊசி வைத்தான், இருந்த வெளிச்சமும் போனது என்று எழுந்து போய்விட்டார். உன் தாத்தா பரமக்குடியில் கடைசி ஒன்பது வருஷம் கயிறு பிடித்துத்தான் கொல்லைக்குப் போனார். அதைப் பார்த்து வளர்ந்தவர்.

இதை எழுதும்போது உன் அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், சைக்கிள் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டு. என்ன இவ்வளவு நீளம், படி பார்ப்போம் என்றார். படித்தேன். கோழி, கிணறு, லூசி வீட்டு அல்வா, அதற்கப்புறம் இந்தத் தாளில் இல்லாததை எல்லாம் படித்தேன். மாவடு கிடைத்ததாகக்கூடப் படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, என் பங்குக்கு எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: அரசி, இருபதாம் தேதி பெரிய மனிதர்கள் என்னோடு நடக்க வருகிறார்கள். இருபத்தோரு வருஷமாக இந்தக் கரையை நான் ஒருத்தனே பார்த்தேன். இனி சர்க்கார் பார்க்கப் போகிறது. நீயும் ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும்.

அம்மா, அதைத்தான் நான் அவரிடம் இருந்து பிடுங்கப் போகிறேன். இதற்கு உன் கை வேண்டும்.

இந்தக் கடிதத்தை விமானத் தபாலில் போடுகிறேன், பத்தாம் தேதிக்குள் உன் கைக்கு வந்துவிடும். மெட்ராஸ் கப்பல் பதினெட்டாம் தேதி புறப்படுகிறது. பதினாலுக்குள் நீ ஒரு தந்தி அடிக்க வேண்டும். மகள் கடுமையான காய்ச்சலில் ஆஸ்பத்திரியில், பெற்றோர் உடனே வரவும் என்று. ரேஞ்சர் ஆபீஸ் விலாசத்துக்கு அடி. அங்கே சத்தமாகப் படிப்பார்கள், லீவும் டிக்கெட்டும் அவர்களே கொடுப்பார்கள். வேறு எதற்கும் அவர் இந்தத் தீவை விட்டு அசைய மாட்டார். உனக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவார். வந்தபின் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது உன் பொறுப்பு. என் பேச்சு அவரிடம் எடுபடவில்லை. கோபித்துக்கொள்வார், ஒரு மாதம் நம் இருவரிடமும் பேசமாட்டார். பேசாமல் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்து அவரே அந்த ரிஜிஸ்டரை எழுதட்டும். கப்பலில் நாலு நாள் நான் காலை நீட்டி உட்கார்ந்து வருவேன்.

பெற்ற பிள்ளைக்கு நோய் என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். அந்த வரியை எழுதி, பேனாவை வைத்துவிட்டு, சாமி அறைக்குப் போய் வந்துதான் மீதியை எழுதுகிறேன். அந்தச் சொல் உன்னைத் தொடக் கூடாது, வருவதாக இருந்தால் எனக்கு வரட்டும் என்று வேண்டி, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன். நீ தந்தி ஆபீஸ் வாசலில் நெற்றிக்குத் திருநீறு இட்டுக்கொண்டு உள்ளே போ. வெளியே வந்து எதையாவது வயிறாரச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா சொன்ன பொய்க்கு உனக்குப் பாவம் இல்லை.

கோடி ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
கோ. மரகதம்